ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வாலில் மெய்நிகர் இன்டர்ஃபேஸ்கள்: முழுமையான வழிகாட்டி

ஓபிஎன்சென்ஸை ஒரு மினி பிசியில் நிறுவி முடித்தால் இன்டர்நெட் பக்கம் வேன், உள் நெட்வொர்க் பக்கம் லேன் என்று இரண்டு இன்டர்ஃபேஸ்கள் (நெட்வொர்க் இணைப்பு முனைகள்) கிடைக்கும். இன்டர்நெட் வந்துவிடும். பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இன்டர்ஃபேசஸ் மெனுவில் டிவைசஸ் பகுதியைத் திறந்து பார்த்தால் பிரிட்ஜ், ஜிஃப், ஜிஆர்இ, லேக், லூப்பேக், பாயின்ட்-டு-பாயின்ட், விலேன், விஎக்ஸ்லேன் என்று ஒரு பட்டியலே இருக்கும். பழைய பதிப்புகளில் இதற்கு அதர் டைப்ஸ் என்று பெயர். ஓபிஎன்சென்ஸ் 2015 ஜனவரியில் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வாலிலிருந்து பிரிந்தது. இரண்டுமே ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் ஓடுபவை. அதனால் மெனு இடம் மாறினாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பிஎஃப்சென்ஸுக்கும் பொருந்தும்.

இந்தப் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். உள்ளே வேலை செய்யும் பிஎஃப் ஃபில்டருக்குக் கேபிள் சொருகிய போர்ட்டும் மெய்நிகர் இன்டர்ஃபேஸும் ஒன்றுதான். ஒவ்வொரு வகைக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? அதன் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, எவ்வளவு? அதில் வரும் டிராஃபிக்கை எந்த இன்டர்ஃபேஸின் ரூல் பார்க்கிறது? உதவி கேட்டு வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால் வருபவை என்பது என் அனுபவம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறு அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். இன்டெல் சிப் உள்ள நான்கு போர்ட் மினி பிசி: போர்ட்டுகளின் பெயர் ஐஜிசி0 முதல் ஐஜிசி3 வரை. ஐஜிசி0 ஃபைபர் பெட்டிக்குப் போகிறது. ஐஜிசி1, ஐஜிசி2 இரண்டும் மேனேஜ்டு சுவிட்சுக்கு. ஊழியர்கள், சிசிடிவி, விருந்தினர் வைஃபை என்று மூன்று நெட்வொர்க் வேண்டும். வேறு ஊரில் உள்ள கிளை அலுவலகத்தையும் இணைக்க வேண்டும்.

படி 1: உள்ளே நுழைய ஒரு வழியை ஒதுக்குங்கள்

எதையும் தொடுவதற்கு முன் ஐஜிசி3-ஐ நிர்வாகத்துக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். லேன் என்ற பெயரை அதற்கே கொடுங்கள். வெப் பக்கத்துக்குள் போக முடியாமல் மாட்டிக்கொள்ளாதபடி காக்கும் தானியங்கி ரூல் லேனில்தான் இருக்கும் என்பது காரணம். முகவரியை மட்டும் மாற்றுங்கள். நிறுவியதும் லேனுக்கு 192.168.1.1 இருக்கும், பல ஃபைபர் பெட்டிகளும் அதே முகவரியில்தான் இருக்கின்றன. 192.168.99.1/24 என்று வைத்துக்கொண்டால் பின்னால் மோதல் வராது.

லேக், விலேன் எல்லாம் அமைக்கும்போது எங்கே பிசகினாலும் லேப்டாப்பை ஐஜிசி3-இல் சொருகி உள்ளே வந்துவிடலாம். அதுவும் கைகொடுக்காவிட்டால் மானிட்டரை இணைத்து கன்சோல் மெனுவில் 13-ஐ அழுத்தினால் முந்தைய அமைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து திரும்பிவிடலாம்.

படி 2: எது எதன் மேல்? தாளில் வரையுங்கள்

மெய்நிகர் இன்டர்ஃபேஸ்களைக் கீழிருந்து மேலாகத்தான் கட்ட வேண்டும். அடியில் போர்ட். அதன் மேல் லேக் (போர்ட்டுகளின் கட்டு). லேக் மேல் விலேன் (ஒரே கேபிளில் பல தனி நெட்வொர்க்குகள்). விலேன் மேல் தேவைப்பட்டால் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் இன்டர்நெட் இணைப்பு முறை) அல்லது பிரிட்ஜ் (போர்ட்டுகளை ஒரே நெட்வொர்க்காக இணைப்பது). கடைசியாக, ஐபி முகவரி கிடைத்த பிறகு அதன் மேல் ஓடும் டன்னல்கள் (இன்டர்நெட் வழியே வேறு இடத்தை இணைக்கும் மெய்நிகர் பாதைகள்). தலைகீழாகத் தொடங்கினால், உபயோகத்தில் இருக்கும் போர்ட்டை லேக்கில் சேர்க்க முடியாமல், எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டிவரும்.

நம் அலுவலகத்துக்கு இப்படி வரும்: ஐஜிசி1-ம் ஐஜிசி2-ம் சேர்ந்து லேக்0, லேக்0 மேல் விலேன் 10, 20, 30, ஐஜிசி0 மேல் பிபிபிஓஇ, அதன் வழியாக வயர்கார்டு டன்னல்.

படி 3: லேக்

லேக் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட போர்ட்டுகளை ஒன்றாகக் கட்டுவது. எந்த போர்ட்டைச் சேர்க்கப் போகிறோமோ அது அசைன்மென்ட்ஸ் பக்கத்தில் யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருக்க வேண்டும். ஐஜிசி1, ஐஜிசி2-ஐத் தேர்ந்து, புரோட்டோகால் இடத்தில் எல்ஏசிபி (இரு முனைகளும் பேசி போர்ட்டுகளை ஒன்றாக்கும் முறை) வையுங்கள். சுவிட்சிலும் அந்த இரண்டு போர்ட்டுகளை எல்ஏசிபி குழுவாக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் இணைப்பு வராது. சுவிட்சுக்கு எல்ஏசிபி தெரியாது என்றால் ஃபெயில்ஓவர் தேர்ந்தெடுங்கள். ஒரு கேபிள் போனால் மற்றது எடுத்துக்கொள்ளும், சுவிட்சில் எதுவும் செய்ய வேண்டாம்.

வேலை செய்கிறதா என்று பார்க்க ஷெல்லுக்குப் போய் லேக்0-க்கு ஐஎஃப்கான்ஃபிக் அடியுங்கள். ஒவ்வொரு போர்ட்டின் வரியிலும் ஆக்டிவ், கலெக்டிங், டிஸ்ட்ரிபியூட்டிங் என்ற மூன்று சொற்களும் இருக்க வேண்டும். ஒரு போர்ட்டில் இவை விடுபட்டிருந்தால் சுவிட்ச் பக்கம் அந்தக் கேபிள் வேறு குழுவில் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு 1 ஜிகாபிட் கேபிளைக் கட்டினால் ஒரு ஃபைல் 2 ஜிகாபிட் வேகத்தில் இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்ஏசிபி ஒவ்வொரு இணைப்பையும் முகவரி, போர்ட் எண்ணை வைத்து ஏதாவது ஒரு கேபிளுக்கு ஒதுக்கும். ஒரே டிசிபி இணைப்பு ஒரே கேபிளில்தான் போகும். பலர் ஒரே நேரத்தில் உபயோகிக்கும்போதுதான் பலன் தெரியும்.

படி 4: விலேன்

அலுவலகமோ வீடோ, இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்வதானால் விலேனைக் கற்றுக்கொள்ளுங்கள். ஈதர்நெட் ஃபிரேமுக்குள் 4 பைட் டேக் ஒன்றைச் செருகி, அதில் 12 பிட்டில் எண் எழுதுவதுதான் 802.1கியூ முறை. 0-வும் 4095-ம் ஒதுக்கப்பட்டவை. 1 முதல் 4094 வரை நமக்கு. டேக் ஃபிரேமின் தலைப்பில் சேர்வதால் ஐபி எம்டியு 1500 அப்படியே இருக்கும். 1-ஐ விட்டுவிடுங்கள், பெரும்பாலான சுவிட்சுகளில் அதுதான் டேக் இல்லாத இயல்பு விலேன்.

டிவைசஸ் பகுதியில் விலேன் சென்று, பேரன்ட் இடத்தில் லேக்0, டேக் 10, விளக்கத்தில் ஊழியர்கள் என்று கொடுத்துச் சேமியுங்கள். பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டால் அதுவே பொருத்தமான பெயர் வைத்துக்கொள்ளும். 20-க்கும் 30-க்கும் இதையே செய்யுங்கள். பிறகு அசைன்மென்ட்ஸ் பக்கத்தில் மூன்றையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் திறந்து இயக்கி, நிலையான முகவரி கொடுங்கள்: 192.168.10.1, 192.168.20.1, 192.168.30.1. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சப்நெட் பெட்டி /32 என்று இருக்கும். அதை /24 ஆக மாற்றாமல் சேமித்தால் அந்த நெட்வொர்க்கில் ஒரே ஒரு முகவரிதான் இருப்பதாக ஃபயர்வால் நினைக்கும். சாதனங்களுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபிக்கு முகவரி வரம்பு கொடுக்க இடம் இருக்காது, ஏன் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

லேக்0-ஐத் தனியாக அசைன் செய்ய வேண்டியதில்லை. ஒரே கேபிளில் டேக் உள்ளதையும் இல்லாததையும் கலக்காமல் இருப்பதே நல்லது. எது எங்கே போகிறது என்பது தெளிவாக இருக்கும்.

சுவிட்சில் லேக் குழுவை 10, 20, 30 மூன்றுக்கும் டேக் உள்ள உறுப்பாக்குங்கள். கேமரா சொருகும் போர்ட்டை 20-இல் டேக் இல்லாத உறுப்பாக வைத்து, டேக் இல்லாமல் வரும் ஃபிரேம் எந்த விலேனுக்கு என்று சொல்லும் பிவிஐடி எண்ணையும் 20 ஆக்குங்கள். பிவிஐடியை மாற்ற மறந்தால் கேமரா அனுப்புவது விலேன் 1-க்குப் போகும், திரும்பி வருவது மட்டும் 20-இல் வரும்.

இன்னும் முகவரி வரவில்லையா? ஃபயர்வாலில் லேக்0 மேல், வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை ஓட்டுங்கள், சிறிய எழுத்து இ (-e) கொடியுடன். டேக்கோடு வரும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 802.1கியூ என்றும் விலேன் எண்ணும் காட்டும். கேமராவை இயக்கும்போது 20 என்று ஒரு வரிகூட வரவில்லை என்றால் கோளாறு சுவிட்சில். வரி வந்தும் முகவரி கிடைக்கவில்லை என்றால் டிஎச்சிபியைப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

படி 5: ரூல்கள்

புதிதாகச் சேர்த்த இன்டர்ஃபேஸில் ரூலே இருக்காது. ரூல் இல்லை என்றால் உள்ளே வரும் எல்லாம் தடுக்கப்படும். டிஎச்சிபி சர்வரை இயக்கினால் அதற்கான அனுமதி தானாகச் சேரும். அதனால் முகவரி கிடைத்தும் இன்டர்நெட் வராத நிலை இருக்கும். அது கோளாறு அல்ல.

ரூல் எழுதும் இடத்தில் பலர் குழம்புவது திசையில். டிராஃபிக் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக ஃபயர்வாலுக்குள் நுழைகிறதோ அங்கேதான் ரூல் எழுத வேண்டும். விருந்தினரை ஊழியர் நெட்வொர்க்குக்குப் போகவிடாமல் தடுக்கும் ரூல் விருந்தினர் இன்டர்ஃபேஸில் வரும். மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் ரூலோடு நின்றுவிடும்.

விருந்தினருக்கு இந்த வரிசை சரியாக வரும்: முதலில், விருந்தினர் முகவரிக்கு, அதாவது 192.168.30.1-க்கு, போர்ட் 53 அனுமதி, தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் வேண்டுமே. இரண்டாவது, திஸ் ஃபயர்வால் என்ற இலக்குக்குத் தடை. இது எதற்கு என்றால், வேன் முகவரி மூலமாகவும் உள்ளிருந்து நிர்வாகப் பக்கத்தைத் தொட முடியும். தனியார் முகவரிகளை மட்டும் தடுத்தால் அந்த வழி திறந்தே இருக்கும். மூன்றாவது, 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றையும் ஒரு ஏலியாஸில் (முகவரித் தொகுப்புக்கு வைக்கும் பெயர்) போட்டு அதற்குத் தடை. கடைசியில் எல்லாவற்றுக்கும் அனுமதி. அந்தக் கடைசி ரூலை ஐபிவி4-க்கு மட்டும் வையுங்கள். ஐபிவி6-ஐயும் சேர்த்துத் திறந்துவிட்டால், உள் நெட்வொர்க்குகளுக்கும் பொது ஐபிவி6 முகவரி இருக்கும் பட்சத்தில், விருந்தினர் அந்த வழியே ஊழியர் கணினி வரை போய்விடலாம். ஐபிவி6 தரத்தான் வேண்டும் என்றால் உங்கள் சொந்த முகவரித் தொகுதிக்கு முதலில் தடை எழுதுங்கள்.

சிசிடிவிக்கு என் கருத்து உறுதியானது: கேமராக்களுக்கு இன்டர்நெட் வேண்டாம். நேரம் சரியாக இருக்க ஃபயர்வாலின் என்டிபி போர்ட் 123-ஐ மட்டும் திறந்துவிடுங்கள். ஊழியர் நெட்வொர்க்கிலிருந்து ரெக்கார்டரைப் பார்க்க ஊழியர் இன்டர்ஃபேஸில் அனுமதி எழுதினால் போதும். பதில் பாக்கெட்டுகள் ஏற்கெனவே திறந்த இணைப்பின் வழியே தானாகத் திரும்பிவிடும். தடை ரூல் சேர்த்த பிறகும் பழைய இணைப்பு ஓடிக்கொண்டிருந்தால் டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் ஸ்டேட்களை (திறந்திருக்கும் இணைப்புகளின் பதிவுகளை) அழியுங்கள்.

படி 6: பிபிபிஓஇ

நம் ஊரில் பிஎஸ்என்எல் ஃபைபர் உட்படப் பல இணைப்புகள் பிபிபிஓஇ முறையில்தான் வருகின்றன. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டு, வேன் இன்டர்ஃபேஸின் ஐபிவி4 வகையை பிபிபிஓஇ ஆக்கி, யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுங்கள். உங்கள் நிறுவனம் விலேன் டேக் கேட்டால் முதலில் ஐஜிசி0 மேல் அந்த விலேனை உருவாக்கி, பிபிபிஓஇ அதன் மேல் உட்கார வேண்டும்.

இப்போது வேன் என்பது ஐஜிசி0 அல்ல, அதன் மேல் உருவான பிபிபிஓஇ டிவைஸ். இந்த முறை 8 பைட் எடுத்துக்கொள்வதால் எம்டியு 1492. ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்றால் ஐஜிசி0-ஐ மோடம் என்ற பெயரில் தனியாக அசைன் செய்து, பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2/24 கொடுங்கள். வெளியே போகும் பாக்கெட்டின் முகவரியை மாற்றும் அவுட்பவுண்டு நேட்டை ஹைப்ரிட் முறையில் வைத்து, மோடம் இன்டர்ஃபேஸ் வழியாகப் போவதற்கு ஒரு ரூல் சேருங்கள். லேன் முகவரியை முதலிலேயே மாற்றியது இங்கே உதவுகிறது.

மலிவான குறைந்த சக்தி பிராசசர்களில் பிபிபிஓஇ வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறையலாம். பிபிபிஓஇ ஃபிரேமுக்குள் ஐபி தலைப்பைத் தேடிப் பார்க்க முடியாத நெட்வொர்க் கார்டு, வந்த எல்லாவற்றையும் ஒரே வரிசையில் தள்ளும். ஒரே கோர் மொத்தச் சுமையையும் சுமக்கும். ஆகவே பிபிபிஓஇக்குப் பெட்டி வாங்கும்போது எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்று பாருங்கள்.

படி 7: பிரிட்ஜ், பெரும்பாலும் வேண்டாம்

மினி பிசியில் மிச்சமிருக்கும் போர்ட்டுகளை பிரிட்ஜ் போட்டு சுவிட்ச் மாதிரி உபயோகிக்க ஆசை வரும். செய்யலாம். ஆனால் சுவிட்ச் தன் சிப்பில் செய்கிற வேலையை இங்கே பிராசசர் செய்ய வேண்டும். ஒரு சாதாரண சுவிட்ச் வாங்குவதே மேல். இருக்கிற நெட்வொர்க்கின் முகவரிகளை மாற்றாமல் நடுவில் ஃபயர்வாலைச் செருக வேண்டிய இடத்தில்தான் பிரிட்ஜுக்கு உண்மையான வேலை.

அமைப்பதானால் முதலில் மற்ற போர்ட்டுகளை பிரிட்ஜில் சேருங்கள். பிறகு லேன் ஒதுக்கீட்டை பிரிட்ஜ்0-க்கு மாற்றுங்கள். கடைசியாகத்தான் பழைய லேன் போர்ட்டை உள்ளே சேர்க்க வேண்டும். ரூல் எங்கே பார்க்கப்படும் என்பதைத் தீர்மானிப்பவை டியூனபிள்ஸ் பக்கத்தில் உள்ள இரண்டு மதிப்புகள்: பிஎஃப்ஐஎல்-மெம்பர், பிஎஃப்ஐஎல்-பிரிட்ஜ். முதலாவதை 0, இரண்டாவதை 1 என்று வைத்தால் ரூல்கள் பிரிட்ஜ் இன்டர்ஃபேஸில் மட்டும் பார்க்கப்படும். மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு உறுப்பு போர்ட்டிலும் பார்க்கும்.

படி 8: கிளை அலுவலகத்துக்கு டன்னல்

இரண்டு முனையும் உங்கள் கையில் இருந்தால் வயர்கார்டு போடுங்கள். எதிர்முனையில் வேறு நிறுவனத்தின் ஃபயர்வாலோ கிளவுட் சேவையோ இருந்தால் ஐபிசெக் டன்னல், அதிலும் தனி இன்டர்ஃபேஸாக நிற்கும் விடிஐ முறை. பாலிசி முறையில் டிராஃபிக் எல்லாம் ஐபிசெக் என்ற ஒரே தாவலின் கீழ் வரும். விடிஐயில் சாதாரண ரூட் எழுதி அனுப்பலாம்.

வயர்கார்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு இன்ஸ்டன்ஸ் உருவாக்கி, 10.10.10.1/24, 10.10.10.2/24 என்று முகவரி கொடுத்து, பொதுச் சாவிகளைப் பரிமாறிக்கொள்ளுங்கள். அலவ்டு ஐபிஸ் இடத்தில் எதிர்ப்பக்கத்தின் டன்னல் முகவரியை /32 ஆகவும், அதன் உள் நெட்வொர்க்கையும் எழுத வேண்டும். இதை வைத்துத்தான் ரூட்டும் தானாக உருவாகும். ஒரு பக்கம் சிஜிநேட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருந்தால், அதாவது வேன் முகவரி 100.64.0.0/10-க்குள் வந்தால், அந்தப் பக்கம் கீப்அலைவ் 25 வினாடி வையுங்கள். மறு பக்கத்துக்குப் பொது முகவரி இருந்தே ஆக வேண்டும். அங்கே வேனில் யுடிபி 51820-ஐத் திறக்க மறக்காதீர்கள்.

பிறகு வயர்கார்டு உருவாக்கிய டபிள்யூஜி0-ஐ அசைன் செய்து இயக்குங்கள்; முகவரி வகையை நன் (எதுவுமில்லை) என்றே விடுங்கள், முகவரி இன்ஸ்டன்ஸிலேயே இருக்கிறது. ரூல்களைப் பார்க்கும்போது வயர்கார்டு குரூப் என்ற தாவலும் இருக்கும். குழு ரூல்கள் தனி இன்டர்ஃபேஸ் ரூல்களுக்கு முன்பே பார்க்கப்படும். அங்கே எல்லாம் அனுமதி என்று ஒரு பழைய ரூல் இருந்தால் நீங்கள் டபிள்யூஜி0-இல் எழுதும் தடை ஒன்றும் செய்யாது.

எம்டியு கணக்கு இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். வயர்கார்டின் இயல்பு மதிப்பு 1420. வெளிப்பாதை ஐபிவி4 என்றால் டன்னல் எடுத்துக்கொள்வது 60 பைட், ஐபிவி6 என்றால் 80. பிபிபிஓஇயின் 1492-இல் 60 போனால் 1432, 1420 அடங்கிவிடும். அதே இணைப்பில் எதிர்முனையை ஐபிவி6 முகவரியால் அழைத்தால் மிச்சம் 1412 மட்டுமே. அப்போது பிங் போகும், லாகின் பக்கம் திறக்கும், பெரிய ஃபைல் மட்டும் பாதியில் நின்றுவிடும். இன்ஸ்டன்ஸில் 1412 என்று எழுதிவிடுங்கள். இன்டர்ஃபேஸ் பக்கத்தில் எம்எஸ்எஸ் (ஒரு டிசிபி பாக்கெட்டில் அடங்கும் தரவின் உச்ச அளவு) பெட்டியும் உண்டு. அதில் போடும் எண்ணிலிருந்து 40-ஐ அதுவே கழித்துக்கொள்ளும் என்பதால், கழித்த எண்ணைப் போடாமல் எம்டியு மதிப்பையே போடுங்கள்.

சோதிக்க, ஃபயர்வால் ஷெல்லிலிருந்து துண்டாக்கத் தடை விதிக்கும் பெரிய எழுத்து டி (-D) கொடியுடன் எதிர்முனைக்குப் பிங் அனுப்புங்கள். 1420-க்குத் தரவு அளவு 1392, ஏனென்றால் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பிக்கு 8 போகும். 1392 போய், 1393 போகவில்லை என்றால் கணக்கு சரி.

மீதி வகைகள்

ஜிஃப் என்பது ஐபிக்குள் ஐபி. ஐபிவி6 தராத இணைப்பில் ஹரிகேன் எலெக்ட்ரிக்கின் இலவச டன்னலை எடுக்க இதுதான் வழி. புரோட்டோகால் எண் 41, 1500 பாதையில் எம்டியு 1480. பொது ஐபிவி4 முகவரி வேண்டும். சிஜிநேட்டுக்குப் பின்னால் இது நடக்காது. ஜிஆர்இ புரோட்டோகால் 47, 24 பைட் எடுக்கும், எம்டியு 1476. இரண்டிலும் குறியாக்கம் கிடையாது. ஜிஆர்இயைத் திறந்த இன்டர்நெட்டில் அப்படியே விட்டு அலுவலக டிராஃபிக்கை அனுப்பாதீர்கள்.

விஎக்ஸ்லேன் ஈதர்நெட் ஃபிரேமையே யுடிபி 4789 வழியாக அனுப்புவது. எண்ணுக்கு 24 பிட் இருப்பதால் சுமார் 1.68 கோடி நெட்வொர்க் வரை எண்ணிடலாம். டேட்டா சென்டருக்கு உகந்தது. இரண்டு கிளைகளை ஒரே பிராட்காஸ்ட் வட்டமாக்கவென்று இதை எடுக்காதீர்கள். அங்கே நடக்கும் ஒரு லூப் இங்கேயும் எல்லாரையும் முடக்கும்.

லூப்பேக் எந்தக் கேபிளையும் சாராது, அதனால் எப்போதும் உயிரோடு இருக்கும். பிஜிபி (ரூட்டர்கள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை) ஓட்டுபவர்களுக்கு ரூட்டர் முகவரியாக உதவும்.

இரண்டு ஃபயர்வால்களுக்கு இடையே முகவரியைப் பகிரும் கார்ப்பை விர்ச்சுவல் ஐபிஸ் பக்கத்தில் தேடுங்கள். ஃப்ரீபிஎஸ்டி 10-இலிருந்து அது தனி இன்டர்ஃபேஸ் அல்ல, இருக்கும் இன்டர்ஃபேஸின் மேல் ஒட்டும் முகவரி. ஆகவே அதற்கென்று ரூல் தாவலும் வராது.

மெய்நிகர் கணினியில் ஓபிஎன்சென்ஸ் ஓடினால் இன்னும் ஒன்று. பிராக்ஸ்மாக்ஸில் விர்ட்ஐஓ கார்டு கொடுத்து, இன்டர்ஃபேசஸ் செட்டிங்ஸில் செக்சம், டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ ஆஃப்லோடுகள் (நெட்வொர்க் கார்டிடம் வேலையைத் தள்ளும் வசதிகள்) மூன்றும் அணைந்திருப்பதை உறுதி செய்யுங்கள். இஎஸ்எக்ஸ்ஐயில் விலேன்கள் எல்லாவற்றையும் ஒரே கார்டில் உள்ளே எடுக்க, போர்ட் குரூப்பின் விலேன் எண்ணை 4095 ஆக்க வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் கான்ஃபிகரேஷன் பேக்கப்பை இறக்கி வேறு இடத்தில் வையுங்கள். அந்த எக்ஸ்எம்எல் ஃபைலைத் திறந்து பார்த்தால், ரூல்கள் ஐஜிசி, லேக் போன்ற டிவைஸ் பெயரோடு கட்டப்படாமல் ஆப்ட்1, ஆப்ட்2 என்ற உள்பெயரோடு கட்டப்பட்டிருப்பது தெரியும். நாளை பெட்டி பழுதாகி வேறு சிப் உள்ள மினி பிசி வாங்கினாலும், ஃபைலில் போர்ட் பெயர்களை மட்டும் புதிய பெட்டிக்கேற்ப மாற்றி ஏற்றினால் போதும். ரூல் ஒன்றையும் தொட வேண்டியிருக்காது.